வயிறு மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவர்கள் அதிகம் கேட்கும் வாசகம் "கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க" என்பதுதான். யாருக்கு, எங்கே வலி, எப்போதிலிருந்து, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று நாலு கேள்வி கேட்டுப் பார்த்தால், பலருக்கு அந்த மாத்திரையே தேவைப்படாது. சிலருக்கு அது போதாது, அவர்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவர்கள். அந்த நாலு கேள்வியைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் தொந்தரவு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போய் மேலிருந்து கீழே வாருங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். நடுவில் சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

## இவற்றில் ஒன்று இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் கிளம்புங்கள்

- ரத்த வாந்தி, அல்லது காபித்தூள் கலந்ததுபோல் கறுத்த வாந்தி
- தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கமில்லாத நாற்றத்துடன் மலம்
- நெஞ்சில் அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், அல்லது வலி தாடைக்கோ கைக்கோ பரவுவது
- வயிறு பலகையாக இறுகி, தொட்டாலே உயிர் போகும் வலி
- வயிறு வீங்கி, வாந்தியும் வந்து, மலமும் காற்றும் இரண்டுமே பிரியாமல் இருப்பது
- கண் மஞ்சளாகி, கூடவே குளிர் காய்ச்சல்
- பேதியோ வாந்தியோ போய், ஆள் துவண்டு, சிறுநீரே இல்லாமல் இருப்பது
- கைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது

இது தவிர, இன்றே ஓட வேண்டாம் என்றாலும் தள்ளிப்போடவும் கூடாதவை சில: எடை தானாகக் குறைவது, விழுங்கும்போது அடைப்பது, ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, 50 வயதுக்கு மேல் மலம் போகும் வழக்கம் புதிதாக மாறுவது, நெருங்கிய ரத்த சொந்தத்தில் குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தால் கீழே உள்ள வீட்டு வைத்தியக் கட்டங்களைத் தாண்டி நேராக டாக்டரிடம் போங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை: மாத்திரைப் பட்டியல்

வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா அட்டைகளையும் எடுத்து மேஜைமேல் பரப்புங்கள். டாக்டர் எழுதியது, கடையில் கேட்டு வாங்கியது, யாரோ சொன்ன பொடி, சத்து மாத்திரை, எல்லாமே. இதைச் சொன்னால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் வயிற்றுத் தொந்தரவுக்கு இதைவிட மலிவான, பலன் தரும் சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு ஒரு பாட்டி வந்திருந்தார். பையைக் கவிழ்க்கச் சொன்னதும் விழுந்தவை: எலும்புக்குக் கால்சியம், ரத்தத்துக்கு இரும்பு, முதுகு வலிக்கு டிராமடால், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின். நான்குமே மலத்தை இறுக்குபவை. ஐந்தாவதாக ஒரு பேதி மருந்தைச் சேர்ப்பதற்கு முன்னால் அந்த நான்கில் எதைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்க் கேட்பதுதான் முறை.

அடிக்கடி மாட்டுபவை இவை. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணும் ரத்தக் கசிவும் உண்டாக்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பேதியும் குமட்டலும் தரும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பலருக்கு அடங்கிவிடும். எடைக்கும் சர்க்கரைக்கும் போடும் செமாக்ளூடைட் ஊசி குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் மூன்றையும் தரக்கூடியது. அமிலம் குறைக்கக் குடிக்கும் மருந்துகளில் மெக்னீசியம் இருந்தால் மலம் இளகும், அலுமினியம் இருந்தால் இறுகும். டாக்ஸிசைக்ளின், அலென்ட்ரோனேட் இரண்டும் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும் என்பதால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.

இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் வயிறு எரிகிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் கூடவே இரைப்பையைக் காக்கும் மாத்திரை சேர்த்துத் தருவார்.

## நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், எதுக்களிப்பு

### படுத்தால் அல்லது குனிந்தால் மட்டும் வருகிறது

நேரத்தை மாற்றிப் பாருங்கள். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 3 மணி நேரம். இரவுச் சாப்பாட்டின் அளவைக் குறையுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்புறமும் வந்தால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணைமேல் தலையணை அடுக்குவது வேலைக்கு ஆகாது. கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். இறுக்கமான பெல்ட், சிகரெட், மது, சமீபத்தில் கூடிய எடை, இவையும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டியவை. இரண்டு வாரம் கொடுங்கள்.

### எப்போதாவது, கண்டபடி சாப்பிட்ட நாளில் வருகிறது

அமிலத்தை உடனே தணிக்கும் திரவ மருந்தோ சப்பும் மாத்திரையோ போதும். வேறு மாத்திரை எடுப்பவர்கள் இதற்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம்.

### வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வருகிறது

அமிலம் சுரப்பதையே குறைக்கும் ஒமிபிரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரை. இதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். எரிச்சல் வந்த பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் இது சரியாக வேலை செய்யாது. காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால், வெறும் வயிற்றில். முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள் ஆகும். "போட்டேன், கேக்கல" என்பவர்களிடம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை அங்கே பிடிபட்டுவிடும்.

பொதுவாக 4 முதல் 8 வாரம் வரைதான் ஒரு சுற்று. மாதக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் அமிலம் கொஞ்ச நாள் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பித்து, அப்படியே வருடக்கணக்கில் மாத்திரையோடு குடித்தனம் நடத்துபவர்கள் உண்டு. டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்கி நிறுத்துங்கள். நீண்ட காலம் எடுத்தே ஆகவேண்டியவர்கள் பி12, மெக்னீசியம் அளவுகளை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

### 8 வாரம் ஒழுங்காகப் போட்டும் அடங்கவில்லை

இனி எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது. விழுங்கும்போது அடைக்கிறது, முதலில் கெட்டி உணவு சிக்கியது இப்போது கூழும் சிக்குகிறது என்றால் 8 வாரமெல்லாம் காத்திருக்கவே கூடாது.

### படியேறும்போது எரிகிறது, உட்கார்ந்தால் அடங்குகிறது

இதை நெஞ்செரிச்சல் கணக்கில் சேர்க்காதீர்கள். நடந்தால் வந்து நின்றால் போகும் எரிச்சலுக்கு முதலில் இ.சி.ஜி., பிறகுதான் வயிறு. அதுவும் உட்கார்ந்திருந்தும் அடங்கவில்லை என்றால் உடனே அவசரப் பிரிவு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு பல நேரம் வெறும் அஜீரணம் மாதிரி, குமட்டலும் களைப்புமாக வரும்.

## வயிற்று வலி: எங்கே, எப்போது

இதில் இடம்தான் முக்கியம். ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரல் ஒரே இடத்தில் போய் நின்றால் கவனிக்க வேண்டிய வலி. உள்ளங்கையால் வயிறு முழுக்கத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் குடலின் பொதுவான முறுக்கல். இது கவுண்டர் அனுபவம் மட்டுமே, இதை வைத்து எதையும் முடிவு கட்டிவிடக் கூடாது.

### நெஞ்சுக்குழிக்குக் கீழே, எரிச்சலோடு

வலி மாத்திரை ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த சந்தேகம் ஹெச். பைலோரி என்ற கிருமி. அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005ல் ராபின் வாரனோடு சேர்ந்து அவருக்கு நோபல் கிடைத்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை போதும். ஒமிபிரசோல் வகை மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நாலு வாரமும் நிறுத்தியிருந்தால்தான் முடிவு நம்பத்தக்கது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்க்கும் சோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். கிருமி ஒழிந்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் 'இருக்கிறது' என்றே காட்டும்.

கிருமி இருந்தால் மூன்று நான்கு மருந்துகள் சேர்த்து, வழக்கமாக 14 நாள். வாய் கசக்கும், வயிறு பிரட்டும், ஐந்தாம் நாள் வலி போனதும் நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் கிருமி தப்பித்து, அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாது. முடித்து ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை செய்து, ஒழிந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

### வலது விலாவுக்குக் கீழே, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு

பித்தப்பைக் கல். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை விடாமல் பிடித்து, வலது தோள்பட்டைக்கும் ஏறும். அமில மாத்திரைக்குக் கட்டுப்படாது. 6 முதல் 8 மணி நேரம் பட்டினியோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்து, வலியே வந்ததில்லை என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. ஒரு முறையாவது இந்த வலி வந்திருந்தால் அறுவை சிகிச்சை டாக்டரைப் பாருங்கள், திரும்ப வரும். கூடவே காய்ச்சல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

### மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவுகிறது, முன்னால் குனிந்தால் சற்றுத் தேவலை

கணைய அழற்சி. வீட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை, கிளம்புங்கள். மதுவும் பித்தக்கல்லும்தான் முதன்மைக் காரணங்கள். ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவு இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் உறுதி என்பார்கள்.

### தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது

குடல்வால். ஒரு நாளுக்குள் இடம் மாறும், பசி அறவே போய்விடும். இருமச் சொல்லுங்கள், அல்லது ஒற்றைக் காலில் ஒரு குதி குதிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சுருக்கென்று குத்தினால் சந்தேகம் வலுக்கிறது. சாப்பாடு கொடுக்காதீர்கள், பேதி மருந்து கூடவே கூடாது. இப்படி இருந்த வலி திடீரென்று விட்டு, கொஞ்ச நேரத்தில் வயிறு முழுக்கப் பரவினால் குடல்வால் வெடித்திருக்கலாம். வலி நின்றுவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவது இங்கேதான் ஆபத்து. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அடிவயிற்று வலி என்றால் கர்ப்பப் பரிசோதனையும் கட்டாயம். கரு கருப்பைக்குள் வராமல் குழாயிலேயே தங்கியிருந்தாலும் இதே மாதிரி வலிக்கும்.

### இடது அடிவயிறு, காய்ச்சலோடு

பெருங்குடலில் உண்டாகும் சிறு பைகள் வீங்கியிருக்கலாம், வயதானவர்களுக்கு அதிகம். டாக்டர் பார்த்து சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று முடிவு செய்வார்.

## உப்புசம், காற்று

ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை காற்றுப் பிரிவது இயல்பு. இதைச் சொன்னதுமே சிலர் நிம்மதியாகிப் போய்விடுவார்கள்.

மீதிப் பேருக்கு, முதலில் விழுங்கும் காற்று: அவசரச் சாப்பாடு, சூயிங்கம், சோடா பானம், உறிஞ்சுகுழல், தளர்ந்த பல் செட். அடுத்தது மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் போனாலும் முழுதாகப் போகாமல் தேங்கியிருந்தால் உப்புசம் போகவே போகாது, அந்தத் தலைப்புக்குப் போய் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது பால். இரண்டு வாரம் பாலை முற்றாக நிறுத்துங்கள், பிறகு ஒரு பெரிய டம்ளர் வெறும் வயிற்றில் குடித்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் இரைச்சலும் உப்புசமும் இளக்கமும் வந்தால் விடை கிடைத்துவிட்டது. தயிரும் கெட்டியான சீஸும் பலருக்கு ஒத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டாம். நான்காவது, 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் மிட்டாய்களில் இருக்கும் சார்பிட்டால். அதற்கும் பிறகுதான் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகளைக் குறைத்துப் பார்ப்பது. 2 முதல் 6 வாரம் குறைத்து, பிறகு ஒன்றொன்றாகத் திரும்பச் சேர்த்து எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க வேண்டும். திரும்பச் சேர்க்கும் பாதியை யாரும் செய்வதில்லை, வருடக்கணக்கில் கண்ட உணவையும் ஒதுக்கிவிட்டு மெலிந்துபோகிறார்கள்.

கோதுமையை நிறுத்தும் முன் ஒரு முக்கியமான விஷயம். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நிறுத்தி மாதங்கள் கழித்து எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

50 தாண்டிய பெண்களுக்குப் புதிதாக உப்புசம் வந்து, வாரக்கணக்கில் விடாமல், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருந்தால் காற்று மாத்திரை வாங்காதீர்கள். சினைப்பையைப் பார்க்க ஸ்கேனும் சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

## மலச்சிக்கல்

தினமும் போகவில்லை என்பது நோயே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்பு. பார்க்க வேண்டியது கெட்டித்தன்மையும் முக்கலும்.

### உருண்டை உருண்டையாக, காய்ந்து வருகிறது

மாத்திரைப் பட்டியலைப் பார்த்தாகிவிட்டதா? சரி, அடுத்தது நேரம். காலையில் எழுந்து ஏதாவது சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் தானாக அசைந்து கொடுக்கும். அந்த நேரத்தில் போய் உட்காருங்கள், வந்தாலும் வராவிட்டாலும் 10 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், போனைக் கொண்டுபோகாதீர்கள். நாற்காலி போன்ற கழிப்பறை என்றால் காலடியில் ஒரு முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் செய்து பாருங்கள். வேலை நடுவில் உந்துதல் வரும்போது அடக்கி வைப்பது நாளடைவில் அந்த உந்துதலையே மழுங்கடித்துவிடும்.

பிறகு நார்ச்சத்து, ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை. ஒரே நாளில் ஏற்றினால் வயிறு ஊதும், இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். இசப்கோல் என்றால் ஒரு முழு டம்ளர் தண்ணீரில், கலக்கிய உடனே. கொஞ்சம் தண்ணீரில் விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே மலம் இறுகி அடைத்திருப்பவர்களுக்கும், டிராமடால், கோடின் போன்ற மருந்தால் சிக்கல் வந்தவர்களுக்கும் இது வேண்டாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைகால். இவை நீரை இழுத்து மலத்தை இளக்குபவை, வேலை காட்ட ஒன்றிலிருந்து மூன்று நாள் பிடிக்கும். இரவு குடித்து, காலையில் வரவில்லை என்று இரட்டிப்பாகக் குடித்து, மூன்றாம் நாள் வீட்டை விட்டு வெளியே போக முடியாமல் தவிப்பவர்கள் இந்த ரகம். பிசாகோடில், சென்னா இரண்டும் குடலை உசுப்புபவை, 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும், இரவில் போடுங்கள், எப்போதாவது மட்டும்.

### மலம் இளக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளியே வரமாட்டேன் என்கிறது

மணிக்கணக்கில் முக்கல், விரலால் உதவ வேண்டிய நிலை, போன பிறகும் பாக்கி இருக்கிற உணர்வு. இது ஆசனவாய்த் தசைகள் தளர வேண்டிய நேரத்தில் இறுகுவதால் வருவது. எத்தனை பேதி மருந்து குடித்தாலும் தீராது. இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி, பயோஃபீட்பேக் என்று தனிச் சிகிச்சை இருக்கிறது. பல பேர் வெட்கப்பட்டு விரல் விஷயத்தை டாக்டரிடம் சொல்வதே இல்லை, அதைச் சொன்னால்தான் நோய் பிடிபடும்.

### பல நாள் போகாமல் இருந்த முதியவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிகிறது

பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு திரவம் மட்டும் ஒழுகுகிறது. டாக்டரோ நர்ஸோ கையுறை மாட்டிப் பரிசோதித்து எனிமா கொடுக்க வேண்டியிருக்கும்.

### குழந்தை அடக்கி வைக்கிறது

ஒருமுறை வலித்ததும் பயந்து, காலைக் குறுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். திட்டாதீர்கள். டாக்டர் தரும் இளக்கும் மருந்தை வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் தொடர வேண்டும். நாலு நாள் நன்றாகப் போனதும் பெற்றோர் நிறுத்திவிடுவதுதான் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம்.

### எதிலும் சரியாகவில்லை

தைராய்டு, சர்க்கரை, ரத்தத்தில் கால்சியம். வயதைப் பொறுத்துக் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது.

## வயிற்றுப்போக்கு

### முதல் இரண்டு மூன்று நாள்

பேதியை நிறுத்துவதைவிடப் போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அதே அளவு. சிலது 1 லிட்டருக்கு, சிலது 200 மில்லிக்கு. பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் குத்துமதிப்பாகக் கலக்குவதும், ருசிக்காக மேலும் சர்க்கரை போடுவதும் பேதியைக் கூட்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

2 வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்கள் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் துத்தநாகம் தினம் 20 மில்லிகிராம், 6 மாதத்துக்குள் என்றால் 10, 10 முதல் 14 நாள் வரை.

பெரியவர்களுக்குப் பயணம் போன்ற கட்டாயத்தில் பேதியை நிறுத்தும் லோபரமைடு போடலாம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கூடாது, குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாட்டிக் பெரும்பாலான பேதிக்குத் தேவையில்லை.

கண் குழிவிழுந்தது, அழுதால் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறது, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை: இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் அத்தோடு வீட்டு வைத்தியம் முடிந்தது.

### சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, பிறகு பேதி

உணவில் இருந்த நச்சு. பெரும்பாலும் ஒரு நாளில் தானாக அடங்கும். சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

### ரத்தம், சளி, காய்ச்சல்

மலப் பரிசோதனை, டாக்டர். நீங்களாக மருந்து தேர்ந்தெடுக்காதீர்கள்.

### ஆன்டிபயாட்டிக் எடுத்த சில வாரங்களுக்குள்

சாதாரணப் பக்கவிளைவாக இருக்கலாம், சி. டிஃபிசைல் என்ற கிருமியாகவும் இருக்கலாம். என்ன மருந்து, எப்போது முடித்தீர்கள் என்று டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

### நாலு வாரம் தாண்டியும் தொடர்கிறது

மாத்திரைப் பட்டியல், பால், செயற்கை இனிப்பு, அளவுக்கு மிஞ்சிய காபி. இவை இல்லையென்றால் பரிசோதனைகள்: மலத்தில் ஒட்டுண்ணி, தைராய்டு, டி.டி.ஜி., மலத்தில் கால்புரொடெக்டின். கடைசியாகச் சொன்னது குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். அது இயல்பாக இருந்தால் கொலோனோஸ்கோபியைப் பல நேரம் தள்ளிவைக்கலாம். பித்தப்பையை எடுத்த பிறகு தொடங்கிய பேதி என்றால் அதைச் சொல்லுங்கள், பித்த உப்புகளைக் கட்டிப்போடும் கொலெஸ்டிரமின் என்ற பொடியிலேயே அடங்கிவிடலாம்.

### சில நாள் பேதி, சில நாள் சிக்கல், வலி வந்து மலம் போனதும் விட்டுவிடுகிறது

எரிச்சல் குடல், ஐ.பி.எஸ். என்பார்கள். வாரத்தில் ஒரு நாளாவது வலி, மூன்று மாதமாக, தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். தூக்கத்தைக் கலைக்காது, எடை குறைக்காது, ரத்தம் வராது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளாமல் மேலும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இசப்கோல் பலருக்கு உதவும், கோதுமைத் தவிடு பெரும்பாலும் மோசமாக்கும். புதினா எண்ணெய் கேப்சூல் வலிக்குக் கேட்கும், ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதைக் கூட்டும். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தால் 'எனக்கு மனநோயா' என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்த அளவில் அது குடல் நரம்பின் வலியைத் தணிக்கத்தான்.

## குமட்டல், வாந்தி மட்டும்

குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. புதிதாக ஆரம்பித்த மாத்திரை. ஒற்றைத் தலைவலி. சர்க்கரை நோயாளி வாந்தி எடுத்தால் சர்க்கரையும் கீட்டோனும் உடனே பாருங்கள், அஜீரணம் என்று விட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து. நேற்றுச் சாப்பிட்டது இன்று அப்படியே வெளியே வந்தால் இரைப்பை காலியாகவில்லை, எண்டோஸ்கோபி வேண்டும். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி தொடர்ந்தால் வயிற்றை விட்டுவிட்டு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

## மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பு

போகும்போது கத்தியால் கீறுகிற வலி, துடைத்தால் பளீர் சிவப்பு: ஆசனவாயில் வெடிப்பு. மலத்தை இளக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால் பெரும்பாலும் சில வாரத்தில் ஆறும். 6 வாரத்துக்கு மேல் போனால் டாக்டர் தரும் களிம்பு வேண்டும்.

வலியில்லாமல் சொட்டுச் சொட்டாக: மூலம். அதற்கும் முதல் மருந்து நார்ச்சத்தும் முக்காமல் இருப்பதும்தான். ஆனால் 45 தாண்டியவர்கள் 'எனக்கு மூலம் இருக்கு' என்று தாங்களே முடிவு கட்டக் கூடாது. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், ஒருமுறை கொலோனோஸ்கோபி பார்த்துவிடுவது நல்லது. ரத்தம் மலத்தோடு கலந்து வந்தால் எந்த வயதானாலும் டாக்டர்.

கறுப்பு என்றால் இரும்பு மாத்திரை, பிஸ்மத் மருந்து சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். அவற்றால் வரும் கறுப்பில் பிசுபிசுப்போ அந்த நாற்றமோ இருக்காது, நிறுத்தினால் சில நாளில் நிறம் திரும்பும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பைக் கண்டு அலறியடித்து வருபவர்களும் உண்டு.

## கண் மஞ்சள்

வீட்டில் சரிசெய்யக் கூடியதில்லை. மதுவையும் மூலிகைப் பொடிகளையும் நிறுத்துங்கள், பாராசிட்டமால் எவ்வளவு எடுத்தீர்கள் என்று கணக்கிடுங்கள். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டியிருந்தால் மஞ்சள் தெரியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவு. கல்லீரல் ரத்தப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, இ, பிறகு ஸ்கேன். கர்ப்பிணி என்றால் அன்றே போக வேண்டும், இ வகை அவர்களுக்கு மிக ஆபத்தானது. வலியே இல்லாமல் மஞ்சள் ஏறி, மலம் வெளிறி, எடையும் குறைந்தால் கணையத்தைப் பார்க்க சி.டி. ஸ்கேன் தேவைப்படும்.

## டாக்டரிடம் போகும்போது

மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு வாரத்துக்கு எப்போது சாப்பிட்டது, எப்போது வலித்தது, எப்போது போனது என்று குறித்துவையுங்கள். மலத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் "கறுப்பா, கரும்பச்சையா" என்று பத்து நிமிடம் பேசுவதை அது மிச்சப்படுத்தும்.

கொலோனோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்தால் முந்தின நாள் குடிக்கச் சொன்ன மருந்தை ஒரு சொட்டு விடாமல், சொன்ன நேரத்தில் குடித்து முடியுங்கள். ரத்தம் இளகும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் எதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். வெளியே வருவது சிறுநீர் மாதிரி தெளிந்த மஞ்சளாக இருந்தால் குடல் தயார். கலங்கலாகவே இருந்தால் பரிசோதனைக்குப் படுக்கும் முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் இன்னொரு தடவை குடிக்க வேண்டிவரும்.